தறிவீட்டு வாயில்



பிஜித் தீவின் பழஞ்சிற்றூர்களுக்குள் அயலார் வெறுங்கையுடன் நுழைவதில்லை. யங்கோனா என்னும் வேரை ஊர்த் தலைவர்முன் வைத்து இசைவு பெற்ற பின்னரே ஊரைக் காண்பர். தொப்பியணிந்து அங்கு நடப்பது மரியாதைக் குறைவு. 1903 முதல் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்க்கு இது வியப்பாகத் தோன்றியிராது. வெற்றிலை பாக்கின்றி நற்செய்தி பேசாத மரபினர் அல்லவா அவர்கள்!

காஞ்சிக்கும் அத்தகைய வாயில் ஒன்று உண்டு. ஏகாம்பரநாதரையும் வரதராசரையும் வணங்கி, கடைவீதியில் பட்டு வாங்கித் திரும்புவோர் அதனைக் காண்பதில்லை. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வீடே தொழிற்கூடம். விடியலில் தெருவில் பாவு நீண்டிருந்தால் சுற்றித்தான் செல்ல வேண்டும். காலணி வாயிலோடு நின்றுவிடும். அமாவாசையன்று தறிக்கு ஓய்வளிப்பது நெசவாளர் வழக்கம். அன்று சென்று தறியை ஓட்டிக்காட்டச் சொல்லுதல் முறையன்று.

குழியில் காலிறக்கி அமர்ந்து நெய்பவரை அருகிருந்து பார்த்தால்தான் கோர்வை என்பது விளங்கும். உடலுக்கு ஒரு நாடா, இருபுறக் கரைகளுக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நாடாக்கள். கரையின் நிறமும் உடலின் நிறமும் கலவாமல், ஊடிழைகள் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கை இதற்குப் போதாது. பக்கத்தில் துணையாள் வேண்டும்.

அத்துணையாள் நெடுங்காலம் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தமையைக் காஞ்சியின் புகழ் பாடுவோர் சொல்வதில்லை. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பிறர் வீட்டுத் தறியில் அமர்ந்த பிள்ளைகளும் உண்டு. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவில் சிறாரை அமர்த்துவதைத் தடுத்தது. ஆயினும் குடும்பத்தார் துணையுடன் நடக்கும் தொழிலுக்கு விலக்களித்தது. சட்டமும் தறிவீட்டு வாயிலோடு நின்றுவிட்டது எனலாம்.

பின்னர்ப் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். துணையாள் கிடைப்பது அரிதாயிற்று; கோர்வையின்றி நெய்யும் சேலைகள் பெருகின. கலை நலிகிறதே என்று வருந்துவோர் உளர். பிள்ளையின் படிப்பைப் பறித்துத்தான் ஒரு கலை வாழ வேண்டுமென்றால் அவ்வருத்தம் பொருளற்றது. வளர்ந்த ஒருவர் விரும்பி வந்து அமருமளவு கூலி தந்தால் கோர்வை நிற்கும். பெரும்பாலும் நெசவாளரின் மனைவியோ உடன்பிறந்தாரோ அங்கு அமர்கின்றனர், தனிக் கூலியின்றி.

தறிவீட்டிற்கு வரும் விருந்தினர் சரிகையின் எடையையும் சேலையின் விலையையும் தவறாது கேட்கின்றனர். பக்கத்தில் அமர்ந்து கரைநாடாவை எறிந்தவர்க்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர் மிகச் சிலரே.