விதையிலிருந்து சின்ன வெங்காயம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடைப் பேச்சு எனக்குப் பழக்கம் கிடையாது. எங்க வீட்டுக் கொல்லையில் இரண்டு வருஷமா செய்து பார்த்த ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்லணும்னு கேட்டாங்க. அதை மட்டும் சொல்றேன்.

போன மாசக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "உருளைக்கிழங்குக்குக் கூட விதை இருக்குதாமே, தக்காளி மாதிரி நாற்று விட்டு நடலாமாமே, நம்ம வீட்டுத் தோட்டத்தில் போட முடியுமா?" நல்ல கேள்வி. நானும் வேளாண்மை அதிகாரி ஒருத்தரிடம் விசாரித்தேன். உண்மையிலேயே இருக்குதுங்க. உருளைச் செடி பூத்து, பச்சைத் தக்காளி மாதிரி சின்னக் காய் காய்க்கும். அந்தக் காயைச் சாப்பிடக் கூடாது, விஷம். உள்ளே பொடிப்பொடியா விதை இருக்கும். நாம கடையில் வாங்கி வெட்டி நடுகிற கிழங்கு வேற, இந்த விதை வேற. ஒரு எக்டேருக்கு நடணும்னா விதைக்கிழங்கு 2 டன்னுக்கு மேல வேணும். அதே இடத்துக்கு இந்த விதை 100 கிராம் இருந்தா போதும்.

இதை நம்ம நாட்டிலேயே ஒரு மாநிலம் பெரிசா செய்து காட்டியிருக்கு. அது திரிபுரா. வடகிழக்கு மூலையில் இருக்கிற சின்ன மாநிலம். அவங்களுக்கு விதைக்கிழங்கு ரொம்ப தூரத்திலிருந்து லாரியில் வரணும். வழியில் அழுகும், விலை ஏறும், நேரத்துக்கு வந்து சேராது. சாகுபடிச் செலவில் பாதிக்குப் பக்கமா விதைக்கிழங்குக்கே போயிடும். அதனால் அகர்தலா பக்கத்தில் நாகிசெரா என்கிற ஊரில் இருக்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் விதையை உண்டாக்கி விவசாயிங்களுக்குக் கொடுத்தாங்க. முதல் வருஷம் நாற்று விட்டு சின்னச் சின்னக் கிழங்கு எடுப்பாங்க. அடுத்த வருஷம் அதையே விதைக்கிழங்கா நட்டுக்குவாங்க.

இன்னொரு லாபமும் இருக்கு. கிழங்கோடு ஒட்டிக்கினு வர்ற நோய்களில் பெரும்பாலானது விதையோடு வராது. நம்ம நீலகிரியில் 1961-ல் உருளைக்கிழங்கில் முட்டைக்கூடு நூற்புழு என்று ஒரு புழுவைக் கண்டுபிடிச்சாங்க. மண்ணோடும் கிழங்கோடும் ஊர் ஊரா போகிற புழு அது. அதனால் அங்கேயிருந்து விதைக்கிழங்கை வெளி மாநிலத்துக்கு அனுப்பவே தடை வந்தது.

ஆனா அக்கா கேட்டதுக்கு என் பதில் என்னன்னா, நம்ம திருவண்ணாமலைப் பக்கத்துக்கு அது சரிப்பட்டு வராது. உருளை கிழங்கு வைக்கணும்னா ராத்திரியில் நல்ல குளிர்ச்சி வேணும். நம்ம ஊர் வெயில் உங்களுக்கே தெரியும். மார்கழி, தை இரண்டு மாசக் குளிரை நம்பி இறங்கினா செடி வரும், கிழங்கு கோலிக்குண்டு அளவுக்குத்தான் வரும். அதே வழியில் நம்ம மண்ணுக்கும் வெயிலுக்கும் ஒத்து வர்ற பயிர் ஒண்ணு இருக்கு. அதுதான் சின்ன வெங்காயம்.

சின்ன வெங்காயத்தை நாம எப்பவும் காயா வச்சுத்தான் நடுறோம். காரணம், நம்ம பழைய நாட்டு ரகம் சமவெளியில் பூக்கிறது அபூர்வம். பூக்காட்டி விதை ஏது? ஆனா கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ(ஆன்) 5 என்று ஒரு ரகம் கொடுத்திருக்காங்க. இது சமவெளியிலேயே நல்லா பூத்து விதை பிடிக்கும். 90 நாள் பயிர். நல்லா கவனிச்சா எக்டேருக்கு 18 டன்னுக்கு மேல வரும்னு சொல்றாங்க.

இப்போ கணக்கைப் பாருங்க. காயா நட்டா ஒரு சென்ட்டுக்கு 4 கிலோவிலிருந்து 6 கிலோ விதைக்காய் வேணும். விதையா போட்டா சென்ட்டுக்கு 10 கிராம் போதும். ஏக்கருக்கே ஒரு கிலோதான்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்னா, விதைக்காய் என்பது நாம சாப்பிடுகிற அதே வெங்காயம். சந்தையில் வெங்காயம் ஏறினா விதைக்காயும் ஏறும். 2019 டிசம்பர் மாசம் ஞாபகம் இருக்கும். வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போச்சு. எகிப்து, துருக்கியிலிருந்து எல்லாம் கப்பலில் கொண்டு வந்தாங்க. அந்த மாதிரி நேரத்தில்தான் நமக்கும் நடணும்னு ஆசை வரும். எங்க குழுவில் ஒரு தங்கச்சி 20 சென்ட் குத்தகை நிலத்துக்கு விதைக்காய் 100 கிலோ, கிலோ 80 ரூபாய்க்கு வாங்கினாள். 8,000 ரூபாய் குழுக் கடன். மூணு மாசம் கழிச்சு அவள் அறுக்கும்போது எல்லாரும் அறுத்தாங்க, விலை விழுந்துடுச்சு. கடைசித் தவணை கட்டறதுக்குக் காதில் கிடந்த தோடு அடகுக்குப் போனது. அவள் பாடுபடாதவள் கிடையாது, ஒரு தவணை கூடத் தவறினவளும் கிடையாது. விலை உச்சத்தில் இருக்கும்போது விதை வாங்க வேண்டியிருந்தது, அதுதான் அவளைச் சாய்ச்சது. அதே 20 சென்ட்டுக்கு விதை 200 கிராம் போதும். அந்தக் கணக்கை ரெண்டு பேரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்த நாள்தான் நான் இதில் இறங்கினேன்.

இனிமே செய்முறை சொல்றேன். எழுதிக்கிறவங்க எழுதிக்கோங்க.

முதல்ல நாற்றங்கால். மூணு அடி அகலம், அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி. மண்ணோடு மணலும் நல்லா மக்கின தொழுஉரமும் கலந்துக்கணும். நாற்று அழுகாமல் இருக்க டிரைக்கோடெர்மா விரிடி தூளைத் தொழுஉரத்தில் கலந்து போடலாம். விதை பார்க்கிறதுக்குக் கருஞ்சீரகம் மாதிரியே இருக்கும், அஞ்சறைப்பெட்டிப் பக்கத்தில் வச்சிடாதீங்க. இரண்டு விரல் இடைவெளியில் கோடு கிழிச்சு, மேலாகத் தூவி, மண்ணால் லேசா மூடி, வைக்கோல் பரப்பி, பூவாளியில் தண்ணி தெளிக்கணும். ஏழிலிருந்து பத்து நாளில் ஊசி மாதிரி முளைச்சு வரும். அன்னைக்கே வைக்கோலை எடுத்துடணும்.

நாற்று 40 நாளில் நடவுக்கு வரும். நாலு விரல் இடைவெளி விட்டு நடுங்க. வெங்காயத்துக்கு இலை ஒல்லி, வேர் மேலாக ஓடும். புல்லோடு போட்டி போட அதால் முடியாது. அதனால் முதல் ஒன்றரை மாசம் களை எடுக்கிறதுதான் பெரிய வேலை. இலை வெள்ளை வெள்ளையா கோடு விழுந்தா இலைப்பேன். ஒரு லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். தாள் மஞ்சளாகிச் சாய ஆரம்பிச்சா தண்ணியை நிறுத்திடணும். பத்து நாள் கழிச்சுப் பிடுங்கி, தாளோடு நிழலில் உலர்த்தணும்.

எனக்கு ஒரு சென்ட்டில் 38 கிலோ வந்தது. 18 டன் கணக்குக்கு அது பாதிதான். ஆனா வீட்டுக்கு நாலு மாசம் வெங்காயம் வாங்கவில்லை. மீதியை உழவர் சந்தையில் கொடுத்த காசு என் கையில் இருந்தது.

அடுத்தது விதை எடுக்கிறது. இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. ஒவ்வொரு தடவையும் விதை வாங்கிக்கினே இருந்தா கடை மாறுமே தவிர கடன் மாறாது. அறுத்ததில் ஒரே அளவான, கெட்டியான காயா இரண்டு கிலோ பொறுக்கி, எங்க அத்தை கட்டுகிற மாதிரி தாளோடு கொத்தாக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டேன். ஐப்பசிக் கடைசியில் மழை கொஞ்சம் விட்டதும் நட்டேன். தீபம் முடிஞ்சு மார்கழிக் குளிரில் தண்டு விட்டு, வெள்ளைப் பந்து மாதிரி பூ வந்தது. வெங்காயப்பூவில் மகரந்தத்தைக் கொண்டுபோய் சேர்க்கிறது தேனீதான். பூ இருக்கும்போது எந்த மருந்தும் அடிக்கக் கூடாது. பக்கத்தில் பெரிய வெங்காயம் பூத்திருந்தா ஜாதி கலந்துடும், அந்த விதையை எடுக்கக் கூடாது.

மாசியில் பந்து காய்ந்து, அங்கங்கே வெடிச்சுக் கறுப்பு விதை எட்டிப் பார்க்கும். எல்லாம் ஒரே நாளில் முற்றாது. மூணு நாலு தடவை போய் முற்றினதை மட்டும் வெட்டணும். துணியில் பரப்பிக் காயவச்சு, கையால் கசக்கி, முறத்தில் புடைச்சா விதை தனியா வந்துடும். ஈரம் போகாத, மூடி இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தேதி எழுதி ஒட்டி வையுங்க. வெங்காய விதைக்கு ஆயுசு கம்மி. ஒரு வருஷத்துக்குள்ளே போட்டுடணும். போடறதுக்கு முன்னாடி 100 விதையை எண்ணி ஈரத்துணியில் முடிஞ்சு வைங்க. பத்து நாளில் 70 முளைச்சா நல்ல விதை.

இதில் கஷ்டமும் இருக்கு, மறைக்கக் கூடாது. காயா நட்டதைவிட ஒன்றரை மாசம் கூடுதலா ஆகும். நாற்றங்காலுக்குத் தினமும் தண்ணி தெளிக்கணும். இரண்டு நாள் ஊருக்குப் போனா போச்சு. வீட்டில் நல்ல விதைக்காய் சொந்தமா சேர்த்து வச்சிருக்கிறவங்க அதையே நடலாம், மாற வேண்டிய அவசியமே கிடையாது. காசு கொடுத்து விதைக்காய் வாங்குகிறவங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒண்ணு, ஒவ்வொரு குழுவும் ஒரே இடத்தில் ஒரு நாற்றங்கால் போடலாம். முறை வச்சு ஆளுக்கு ஒரு நாள் தண்ணி தெளிச்சா யாருக்கும் பாரம் தெரியாது. நிலமே இல்லாத அக்காக்களும் நாற்று வளர்த்துக் கட்டு கட்டா விற்கலாம். நாற்றுக்கு நாலடி இடம் போதும்.

இரண்டு, கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு விதைப் பாட்டில் வைக்கலாம், கூடவே ஒரு நோட்டு. 10 கிராம் வாங்கினவங்க அடுத்த பங்குனியில் 20 கிராமாத் திருப்பித் தரணும். 1989-ல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின காலத்திலிருந்து, சின்னச் சின்னச் சேமிப்பைச் சேர்த்துத்தான் நாம கடன் கொடுத்து வாங்கப் பழகினோம். பணத்தில் பழகின கணக்கை விதையிலும் பழகிக்கலாம்.

மூணு, நம்ம மாவட்டத்திலேயே கீழ்நெல்லியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, வாழவச்சனூரில் வேளாண்மைக் கல்லூரி இருக்கு. அங்கேயிருந்து ஆளைக் கூப்பிட்டு, முதல் விதை எங்கே நம்பி வாங்கலாம், எந்தப் பட்டத்தில் போடலாம்னு ஒரு நாள் பயிற்சி கொடுக்கச் சொல்லுங்க.

வயலில் என்ன போடணும்னு நம்ம வீட்டு ஆம்பளைங்க முடிவு பண்றாங்க. கொல்லைப்புறம் நம்ம கையில் இருக்கு. அதில் ஒரு சென்ட்டை ஒதுக்குங்க. நான் சொன்ன அந்தத் தங்கச்சி இந்த வருஷம் என்கிட்டே 50 கிராம் விதை வாங்கிப் போய் நாற்று விட்டிருக்கா. அவள் குத்தகை நிலத்தில் ஐந்து சென்ட்டுக்குக் கடன் வாங்காமல் நடவு முடிஞ்சிருக்கு. மீதி 15 சென்ட்டுக்கு அடுத்த வருஷம் அவளே விதை எடுப்பா. இன்னும் என்கிட்டே 100 கிராம் இருக்கு. பத்து பேருக்கு ஆளுக்குப் பத்து கிராம். கூட்டம் முடிஞ்சதும் நோட்டில் பேர் எழுதிட்டு வாங்கிக்கோங்க.