சங்கத்துக் காமிரா
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் படக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மலருக்குப் படங்கள் திரட்டும் பொறுப்பைச் செயற்குழு எங்களிடம் ஒப்படைத்தது. எளிய பணி என்று எண்ணியே ஏற்றுக்கொண்டோம். ஆறு திங்கள் வீடு வீடாக அலைந்த பின்னர் எங்கள் கையில் சேர்ந்தவற்றை மலரில் காண்பீர்கள். 1999-இல் சங்கம் தொடங்கிய நாளன்று பட்டணத்து ஸ்டூடியோக்காரர் பிலிமில் எடுத்த படம் இன்றும் தெளிவாக இருக்கின்றது. 2003, 2004-ஆம் ஆண்டுகளின் படங்களோ அஞ்சல் தலையை விடச் சற்றே பெரியவை. 2005-க்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. காலம் வளர வளரப் படம் தேய்ந்தது எவ்வாறு என்று இளைஞர்கள் எங்களைக் கேட்டனர். கேட்க வேண்டிய கேள்விதான். ஏனெனில் படம் தேய்ந்த அந்த ஆண்டுகளில்தான் நம் சங்கத்திற்குச் சொந்தமாக ஒரு காமிரா இருந்தது!

அதற்கு முன் நம் தெருவில் படம் என்பது அரிய பொருள். அண்ணல் அம்பேத்கரின் படம் இல்லாத வீடு இல்லை. ஆனால் அவ்வீட்டுப் பாட்டனாரின் படம் இருந்ததில்லை. திருமணத்திற்கு ஒரு படம், கல்வி உதவித்தொகை விண்ணப்பத்திற்கு ஒரு படம், பலருக்கு இறந்த பின் நாற்காலியில் அமர்த்தி எடுத்த படம் ஒன்று; அவ்வளவே. 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு அமர்ந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் முகத்தை நாம் அறிவோம். அன்று எடுத்த படத்தை எவரோ அச்சிட்டு வைத்துக் காத்ததனால் அறிவோம். அவர் 1939-இல் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வெளியிட்டார். தம்மைப் பற்றிய பதிவைப் பிறர் கையில் விட்டுவிடாத பெரியவர் அவர். இதனை முதலிலேயே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு, பின்னர் விளங்கும்.

2003-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பணியாற்றிய நம் ஊர் இளைஞர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது சங்கத்திற்கென ஒரு டிஜிட்டல் காமிரா கொண்டு வந்தார். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, 3.2 மெகாபிக்சல், அதாவது ஒரு படத்தில் ஏறத்தாழ முப்பத்திரண்டு இலட்சம் புள்ளிகள். பின்புறம் தீப்பெட்டியளவு திரை. எடுத்த படத்தை அக்கணமே திரையில் கண்ட பிள்ளைகள் எழுப்பிய ஆரவாரம் இன்றும் எங்கள் செவியில் இருக்கின்றது. தன் முகத்தைத் தான் முதன்முதல் நிழற்படமாகக் கண்ட எழுபது வயது மூதாட்டி, "நானா இவ்வளவு கிழவியாப் போனேன்?" என்று கேட்டுச் சிரித்தார்.

அக்கருவியின் வரலாறும் நெடியதன்று. 1975-இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதற்கருவி மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை கொண்டது. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை நாடாவில் பதிக்க 23 வினாடிகள் எடுத்துக்கொண்டது. படத்தில் இருந்த புள்ளிகள் பத்தாயிரமே. 1995-இல் காசியோ நிறுவனத்தின் க்யூ.வி.10 என்னும் கருவி வந்தது. பின்புறத் திரையில் படத்தைப் பார்க்கும் வழக்கத்தை மக்களிடம் பரப்பியது அதுவே. 2000-க்குப் பின்னர் சட்டைப்பையில் அடங்கும் கருவிகள் உலகெங்கும் விற்பனையாயின. அவற்றை வாங்கியோர் பட்ட பாடுகளும் உலகெங்கும் ஒன்றாகவே இருந்தன. வெயிலில் திரை தெரியாது. பொத்தானை அழுத்திய பின் ஒரு கணம் தயங்கியே படம் எடுக்கும். ஓட்டப் பந்தயத்தை எடுத்தால் வெற்றுக் கோடு மட்டுமே விழும். கடைத்தெருவில் வாங்கிய பேட்டரி நான்கு போட்டால் இருபது படத்திற்குள் தீர்ந்துவிடும். எங்கள் சங்கத்தின் கணக்கேட்டில் 2003-ஆம் ஆண்டு பேட்டரிச் செலவு சுண்ணக்கட்டிச் செலவைத் தாண்டியது என்று தணிக்கையாளர் குறித்திருக்கின்றார். மறுமுறை மின்னூட்டக்கூடிய பேட்டரி வாங்கிய பின்னரே அந்த வழக்கு ஓய்ந்தது.

இவையெல்லாம் சிறு தொல்லைகள். எங்களைப் பெரிதும் வருத்தியது வேறு. நம் மாலைப் பாடசாலையின் சுவர் சுண்ணாம்பு அடித்த வெண்சுவர். அதன் முன் வெள்ளைச் சட்டையில் நின்ற பிள்ளைகளைப் படம் எடுத்தால் சுவர் சாம்பலாகவும் முகங்கள் இருளாகவும் விழுந்தன. "நம்ம நிறம் அப்படித்தானே" என்று ஒரு தாய் சொன்னபோது எங்களால் தாங்க முடியவில்லை. நிறத்தில் குற்றமில்லை. தானியங்கிக் கருவி தன் முன் உள்ள காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கணக்கிட்டு ஒளியை அளக்கின்றது. வெண்மை மிகுந்தால் ஒளியைக் குறைத்துவிடுகின்றது. குறைபட்ட ஒளி முதலில் விழுங்குவது கருத்த முகத்தையே. பிலிம் காலத்திலும் கதை இதுவே. வண்ண அச்சுக் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் வழங்கிய ஒப்புமைப் படங்களில் பல்லாண்டுக் காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் முகமே. நம் பாடசாலையில் பத்தாம் வகுப்புப் பயின்ற மாணவன் ஒருவன் தானே முயன்று வழி கண்டான். காமிராவை ஒரு பிள்ளையின் முகத்தருகே கொண்டுசென்று பொத்தானைப் பாதி அழுத்தி, அழுத்திய விரலை எடுக்காமலே பின்வந்து, வரிசை முழுவதையும் எடுத்தான். முகங்கள் முகங்களாக விழுந்தன. ஸ்டூடியோக்களில் முகத்தை வெளுக்கச் செய்து தரும் பழக்கத்திற்குப் பழகியிருந்த சிலருக்கு அப்படமும் பிடிக்கவில்லை என்பது வேறு செய்தி.

இனி எங்கள் பிழைகளுக்கு வருகின்றோம்.

கருவியோடு வந்த நினைவு அட்டை 16 எம்.பி. கொள்ளளவினது. உயர்தரத்தில் எடுத்தால் ஒன்பது பத்துப் படங்களுக்கு மேல் இடமில்லை. சிறிய அளவில் எடுத்தால் அறுபதுக்கு மேல் எடுக்கலாம். சிக்கனம் கருதிச் சிறிய அளவையே வைத்தோம். அதன் பொருள், அகலத்தில் 640 புள்ளிகள், உயரத்தில் 480 புள்ளிகள். மலர் அச்சாகும் தரத்தில் ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: அகலம் இரண்டு அங்குலத்திற்குச் சற்றே மிகுதி, உயரம் ஒன்றரை அங்குலத்திற்குச் சற்றே மிகுதி. இல்லாத புள்ளியை எந்த அச்சகத்தாராலும் உண்டாக்க முடியாது. மலரில் அவ்வாண்டுப் படங்கள் சிறுத்திருப்பதன் காரணம் இதுவே.

அடுத்தது நாளைப் பற்றிய பிழை. 2004-இல் நம் சுடுகாட்டுப் பாதையில் முள்வேலி போடப்பட்டதும், பிணத்தைச் சுமந்து வரப்பைச் சுற்றி நீரில் இறங்கிச் சென்றதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அன்று சங்கத்துக் காமிராவில் பதினொரு படங்கள் எடுத்தோம். மனுவோடு அவற்றை இணைத்து அலுவலகத்தில் கொடுத்தபோது நெஞ்சு நிமிர்த்தியே நின்றோம். இதுவரை வாய்ச்சொல்லாக மட்டும் இருந்தது இப்போது கண்முன் இருக்கின்றதல்லவா! அதிகாரி படங்களைப் பார்த்தார். மூலையில் இருந்த நாளைச் சுட்டினார்: 2002 சனவரி 1. "இரண்டு வருசத்துக்கு முந்தின படத்தைக் கொண்டாந்து போன வாரம்னு சொல்றீங்களே" என்றார். காமிராவே நம் ஊருக்கு வந்தது 2003-இல் என்று சொன்னோம். "நெகட்டிவ் எங்கே?" என்று கேட்டார். நெகட்டிவ் என்பதே இல்லாத கருவி இது என்றோம். மனு திரும்பி வந்தது.

நடந்தது என்ன? கருவிக்குள் கடிகாரத்தைக் காக்க நாணயம் போன்ற சிறு பேட்டரி ஒன்று இருக்கின்றது. அது தீர்ந்த பின், பெரிய பேட்டரிகளைக் கழற்றும்போதெல்லாம் கடிகாரம் தொழிற்சாலை வைத்த நாளுக்கே திரும்பிவிடும். நாங்கள் அதனைப் பார்த்ததே இல்லை. ஒரு நாணயப் பேட்டரியின் பொருட்டு நம் மக்கள் மேலும் எட்டுத் திங்கள் நீரில் இறங்கி நடந்தனர். இரண்டாம் மனுவில் ஒரு பெரியவரை அன்றைய நாளிதழைக் கையில் விரித்துப் பிடித்தபடி வேலியருகே நிற்கச் செய்து எடுத்தோம். ஒவ்வொரு படத்தின் பின்னும் இடம், நாள், எடுத்தவர், உடனிருந்த இருவர் ஆகியோரின் கையொப்பம் இட்டோம். நில அளவர் வந்து அளந்தார். பாதை திறந்தது, முன்னிருந்த அகலத்தில் அன்று என்றாலும்.

சட்டமும் இதனையே கேட்கின்றது என்பதைப் பின்னர்த்தான் அறிந்தோம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தால் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65பி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டிருந்தது. மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் வைப்பதற்கு, அக்கருவியைப் பற்றிய சான்றிதழ் வேண்டும் என்பது அதன் கருத்து. 2014-இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 63-ஆம் பிரிவு அவ்விடத்தைப் பெற்றிருக்கின்றது. சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் நால்வரும் இதனை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

மூன்றாவது பிழையைச் சொல்லவே நா கூசுகின்றது. அட்டை நிறைந்ததும் பட்டணத்துக் கம்ப்யூட்டர் மையத்திற்குச் சென்று ஒரே கோப்புறையில் படங்களை நகல் செய்து, அட்டையைத் துடைத்து மீண்டும் பயன்படுத்துவோம். எங்கள் கருவி, துடைத்த பின் படங்களுக்கு மீண்டும் ஒன்று முதல் எண் இடும்படி வைக்கப்பட்டிருந்தது. எனவே ஆண்டு விழாவின் முதற்படத்திற்கும் அடுத்து வந்த விளையாட்டுப் போட்டியின் முதற்படத்திற்கும் ஒரே பெயர். கம்ப்யூட்டர் கேட்டது: இப்பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கின்றது, மாற்றி வைக்கலாமா? கேள்வி ஆங்கிலத்தில் இருந்தது. அவசரத்தில் "ஆம்" என்பதை அழுத்தினோம். பழைய படங்களின் மேல் புதிய படங்கள் ஏறி அமர்ந்தன. 2004-ஆம் ஆண்டு விழா முழுவதும் அவ்வாறே மறைந்தது. எஞ்சியவற்றைப் பதித்த குறுந்தகடுகளை இம்மலருக்காக எடுத்துப் போட்டுப் பார்த்தோம். மேற்பூச்சு உரிந்த அவை திறக்க மறுத்துவிட்டன.

அவ்விழாவில்தான் மாலைப் பாடசாலையின் முதல் ஆசிரியை அம்மா அவர்கள் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கினார். செங்கல் சூளையில் பகல் முழுதும் வேலை செய்துவிட்டு இரவில் அரிக்கேன் விளக்கில் அகரம் கற்பித்தவர். 2006-இல் மறைந்தார். அவருக்கு வேறு படமே இல்லை என்றுதான் இவ்வாண்டு வரை நாங்கள் கருதியிருந்தோம். சென்ற மார்கழியில் கீழத்தெருவில் ஒரு வீட்டில் கேட்டபோது, அவ்வீட்டு அம்மையார் டிரங்குப் பெட்டியிலிருந்து ஓர் அச்சுப்படம் எடுத்துத் தந்தார். தம் மகள் நோட்டு வாங்கும் காட்சியை, அட்டையைத் துடைக்கும் முன் கடையில் பத்து ரூபாய் கொடுத்துத் தனியே அச்சிட்டு வாங்கியிருந்தார். ஒரு மூலையைக் கறையான் தின்றிருக்கின்றது. ஆசிரியையின் முகம் தப்பியது. பின்புறம் பந்துமுனைப் பேனாவால் அம்மாவின் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருந்தன. எழுதியது அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்த அம்மகள். மலரின் மூன்றாம் பக்கத்தில் உள்ள படம் அதுவே. சங்கம் இழந்ததைத் தன் பத்து ரூபாயால் காத்த அவ்வம்மையார் இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார்.

காமிராவின் முடிவையும் சொல்லிவிடுகின்றோம். 2005 மழைக்காலத்தில் படங்களில் ஊதாக் கோடுகள் ஓடின. பின்னர் எடுத்ததெல்லாம் ஒரே இருட்டு. கைபட்டுக் கெட்டது என்று ஒருவரை ஒருவர் குறைகூறிக்கொண்டு அதனைப் பீரோவில் வைத்தோம். உண்மை வேறு. பல காமிராக்களுக்குப் பட உணரியைச் செய்து வழங்கிய பெருநிறுவனம் ஒன்று, வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் அவ்வுணரியின் உட்கம்பி இணைப்பு கழன்றுவிடக்கூடும் என்று அவ்வாண்டு அக்டோபரிலேயே ஒப்புக்கொண்டிருந்தது. கட்டணமின்றிப் பழுதுபார்த்துத் தரும் அறிவிப்புகளும் தொடர்ந்து வந்தன. அவை எங்கள் கண்ணில் பட்டபோது காலம் கடந்திருந்தது. கடற்காற்று வீசும் நம் ஊருக்கு வந்த கருவி, ஈரத்தால் கெடும் கருவியாக அமைந்தது நம் நற்பேறு போலும்!

இன்று ஒவ்வோர் இளைஞர் கையிலும் காமிரா இருக்கின்றது. எங்கள் பெட்டியை விடப் பன்மடங்கு திறன் உடையது. ஆனால் போன் மாற்றும்போது படங்கள் என்னவாகின்றன என்று கேட்டால் பலர் விழிக்கின்றீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தையே மூலம் என்று கொடுக்கின்றீர்கள். அது பெரும்பாலும் சுருக்கப்பட்ட படம். ஆகவே செயற்குழு ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றது. ஆண்டுக்கு நாற்பது படங்கள் தேர்ந்து அச்சிடப்படும். பின்புறம் பெயர்களும் நாளும் பென்சிலால் எழுதப்படும். மூலப் படங்கள் இரண்டு தனித்தனி வன்வட்டுகளில் பதிக்கப்பட்டு, ஒன்று சங்கத்திலும் மற்றொன்று பொருளாளர் வீட்டிலும் இருக்கும். கோப்பின் பெயர் ஆண்டு, திங்கள், நாள் என்ற வரிசையில் தொடங்கும். இப்பணிக்கு மாணவியர் இருவர் பெயர் கொடுத்துள்ளனர்; இன்னும் மூவர் தேவை.

ஒரு வேண்டுகோள். 1999-ஆம் ஆண்டுத் தொடக்க விழாப் படத்தைப் பெரிதாக்கி அரங்கின் வாயிலில் மாட்டியிருக்கின்றோம். அதில் முப்பத்தேழு பேர் இருக்கின்றனர். எங்களால் பெயர் காண முடிந்தது இருபத்தொன்பது பேருக்கு. பின்வரிசையில் தலைப்பாகையோடு நிற்கும் பெரியவர் யார், இடக்கோடியில் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய் யார் என்று தெரியவில்லை. படத்தின் அருகே தாளும், நூலில் கட்டிய பென்சிலும் இருக்கின்றன. உணவுக்குச் செல்லும் முன் பெரியவர்கள் அங்கே சற்று நின்று பார்த்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.