காண்டாமிருகம்: பெருகிய உயிரும் பெருகாத நிலமும்



இரத்தினபுரிப் பகுதியில் இரத்தினக்கல் தேடி அகழப்படும் குழிகளிலிருந்து மணிகள் மட்டுமன்றி, சில வேளைகளிற் பண்டைக்கால விலங்குகளின் கல்லாய்ச் சமைந்த எலும்புகளும் பற்களும் வெளிப்படுவதுண்டு. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கிய கலாநிதி தெரணியகல அவற்றை ஆராய்ந்து, அவற்றுட் சில காண்டாமிருகத்தினுடையவை எனக் காட்டினார். ஒரு காலத்தில் நமது தீவிலும் உலாவிய அவ்விலங்கு, இங்கே அடியோடு அழிந்தொழிந்தது. அதன் உறவினமாகிய இந்திய ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகமோ, அழிவின் விளிம்புவரை சென்று மீண்டிருக்கின்றது. அந்த மீட்சி எவ்வாறு நேர்ந்தது, அது நிலைபெற இன்னும் யாது வேண்டும் என்பவற்றையே இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

பிரமபுத்திரா நதி பாயும் அசாம் மாநிலத்தின் புல்வெளிகளும், நேபாளத்தின் தாழ்நிலங்களுமே இவ்விலங்கின் முக்கிய இருப்பிடங்கள். வளர்ந்த ஆண் விலங்கு இரண்டாயிரம் கிலோகிராமுக்கு மேல் நிறையுடையது. மடிப்பு மடிப்பாய்த் தொங்கும் அதன் தோல், கவசம் பூண்ட போர்வீரனை நினைவூட்டும். தோற்றம் இவ்வாறு அச்சந் தருவதாயினும், அது புல்லும் இலையும் நீர்த்தாவரமும் உண்டு வாழும் பிராணியே. பார்வை மங்கல், மோப்பமும் செவிப்புலனும் மிகக் கூர்மை. வெயில் வேளையிற் சேற்றிலும் நீரிலும் கிடந்து உடலைக் குளிர்விக்கும். நன்றாக நீந்தவும் வல்லது. போரிடும்போது கொம்பினாற் குத்துவதிலும், கீழ்த்தாடையின் கூரிய பற்களாற் கிழிப்பதே மிகுதி. பல விலங்குகள் ஒரே இடத்திற் சாணமிட்டுக் குவியலாக்குவது இவற்றின் வழக்கம். உண்ட கனிகளின் விதைகள் அக்குவியலில் முளைத்து மரமாகின்றன. எனவே, காட்டை உண்ணும் இவ்விலங்கு காட்டை நடுவதும் உண்டு.

பெண் விலங்கு ஏறக்குறைய பதினாறு மாதங்கள் கருவைச் சுமந்து ஒரேயொரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் செல்லும். ஆதலால், ஒரு தாய் விலங்கு வேட்டையில் வீழுமாயின், அதன் வழிவரும் சந்ததியும் உடன் வீழ்கின்றது.

அவ்வாறு வீழ்ந்தவை எத்தனை! கூச் பிகார் மகாராஜா நிருபேந்திர நாராயணரின் வேட்டைக் கணக்கின்படி, 1871 முதல் 1907 வரை வீழ்த்தப்பட்ட காண்டாமிருகங்கள் மட்டும் 207. பொழுதுபோக்காக வேட்டையாடியோர் ஒருபுறம். கொம்புக்காகக் கொன்றோர் மறுபுறம். அக்கொம்பு மருந்தெனக் கருதப்பட்டுக் கீழைநாடுகளிற் பெருவிலை பெற்றது. உண்மையில் அது எலும்புமன்று. நமது நகமும் மயிரும் எப்பொருளால் ஆனவையோ, அப்பொருளால் ஆனதே அக்கொம்பும். நகத்தை அரைத்துக் குடிப்பவன் அடையும் பயனுக்கு மேலாக அதில் யாதுளது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அறிவுடையோர் சிலர் விழித்துக் கொண்டனர். அசாமிலுள்ள காசிரங்கா 1908 இல் ஒதுக்குக் காடாக்கப்பட்டது. 1974 இல் தேசியப் பூங்காவாயிற்று. 1985 இல் உலக மரபுரிமைத் தலமென ஏற்கப்பட்டது. காவலர் பலர் உயிரைப் பணயம் வைத்துக் காத்தனர். ஆயினும் 2013, 2014 ஆம் ஆண்டுகளில், அசாமில் ஆண்டொன்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட காண்டாமிருகங்கள் கள்ள வேட்டையில் மாண்டன. பின்னர் காவல் இறுகியது. 2021 செப்டெம்பரில், அரசாங்கம் தன் களஞ்சியத்திற் சேர்ந்திருந்த 2,479 கொம்புகளைப் பொக்காகாட் என்னுமிடத்தில் வெளிப்படையாகத் தீயிட்டு, அவை விலைப்பொருளல்ல என உலகுக்கு அறிவித்தது. 2022 இல் அசாமில் ஒரு காண்டாமிருகமேனும் கள்ள வேட்டைக்கு இரையாகவில்லை. அவ்வாண்டுக் கணக்கெடுப்பிற் காசிரங்காவில் மட்டும் 2,613 விலங்குகள் இருந்தன.

இத்துடன் கவலை தீர்ந்ததா? இல்லை. உலகிலுள்ள இவ்வினம் ஏறத்தாழ நாலாயிரம். அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு ஒரே பூங்காவில் வாழ்கின்றது. ஒரு கொள்ளைநோயோ பெருவெள்ளமோ வந்தால், இழப்பு எத்தகையதாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வெள்ளத்தின் இயல்பும் வியப்புக்குரியது. மழைக்காலத்திற் பிரமபுத்திரா கரைபுரண்டு காசிரங்காவின் பெரும்பகுதியை மூடுகின்றது. அவ்வெள்ளம் புதுவண்டலைச் சேர்க்கும், குளங்களை நிரப்பும், புல்வெளி காடாக மாறாது தடுக்கும். எனவே வெள்ளமின்றேல் காண்டாமிருகத்துக்கு உணவில்லை. ஆனால் வெள்ளம் மிகும்போது, விலங்குகள் தெற்கேயுள்ள கார்பி ஆங்லொங் மலைகளை நோக்கிச் செல்லவேண்டும். இடையே நெடுஞ்சாலை குறுக்கிடுகின்றது. தேயிலைத் தோட்டங்களும் குடியிருப்புகளும் வழியை நெருக்குகின்றன. நீருக்குத் தப்பிய விலங்கு சக்கரத்துக்கு இரையாகலாமா? பூங்காவினுள் மண்மேடுகள் அமைக்கப்பட்டுள்ளன. வெள்ளக் காலத்தில் வாகனங்களின் வேகமும் கட்டுப்படுத்தப்படுகின்றது. விலங்குகள் கீழே கடந்து செல்லுமாறு, தூண்களின்மேல் உயர்த்திய சாலை அமைக்கும் திட்டத்துக்கு 2025 இல் இந்திய அரசாங்கம் அங்கீகாரம் அளித்தது.

இனத்தைப் பல இடங்களிற் பரப்புவது மற்றொரு வழி. 1984 இல் உத்தரப் பிரதேசத்துத் துத்வாவுக்குச் சில விலங்குகள் கொண்டு செல்லப்பட்டன. மானஸ் பூங்காவிலோ, உள்நாட்டுக் கலவரத்தினிடையே 1990 களில் இவ்வினம் முற்றாக அழிக்கப்பட்டது. 2008 முதல் வேறிடத்து விலங்குகள் அங்கே மீண்டும் குடியேற்றப்பட்டன. நேபாளத்திலும் 2021 இல் 752 எனக் கணக்கிடப்பட்டது.

நேயர்களே, துப்பாக்கியிலிருந்து ஓர் உயிரைக் காப்பது முதற்கடமை. காவலரின் துணிவால் அது பெரிதும் கைகூடியது. அது வாழ நிலமும், இடர்வேளையில் ஒதுங்க வழியும் விடுவது இரண்டாங் கடமை. இது காவலரால் மட்டும் ஆவதன்று. சாலை அமைப்போரும், தோட்டமுடையோரும், அயலில் வாழும் உழவரும் ஒன்றுகூடிச் செய்யவேண்டியது. எண்ணிக்கை பெருகிவிட்டதென்று மகிழ்ந்து நிலத்தைச் சுருக்குவோமாயின், ஒரு கையாற் கொடுத்ததை மறுகையாற் பறித்தவராவோம். நமது தீவில் இவ்வினத்தின் சான்றாக மண்ணிற் புதைந்த பற்களே எஞ்சின. பிரமபுத்திராக் கரையில் அது உயிரோடு புல் மேய்கின்றது. அந்த நிலை நீடிப்பது மனிதரின் கையிலேயே உள்ளது.