வலிக்காத கட்டியை வைத்திருக்காதீர்கள்



குடும்பநலம் என்றாலே தாய், பிள்ளை, ஆபரேஷன் என்றுதான் பேசுகிறோம். இன்று ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம், எழுந்து போகவும் வேண்டாம்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஊரில் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். "அம்மா, எங்க வீட்டுக்காரருக்கு விரையில ஒரு பக்கம் கல்லு மாதிரி இருக்கு. வலி இல்லே. ஓதம்தான், பத்துப் போட்டா வத்திடும்னு மாமியார் சொல்றாங்க" என்றாள். அவருக்கு வயது 27. ஆறு மாதமாக அப்படியே இருந்ததாம். வலிக்கவில்லையே என்று அவரும் விட்டுவிட்டார்.

வலிக்காததுதான் இங்கே மோசம். 15 முதல் 40 வயதுக்குள் உள்ள ஆணுக்கு விரையில் வலியில்லாத, கெட்டியான கட்டி கண்டால், புற்றுநோய் இல்லை என்று டாக்டர் சொல்லும் வரை சும்மா இருக்கக் கூடாது. அபூர்வமான நோய்தான், ஆனால் வாலிப வயதில்தான் அதிகம் வருகிறது. பிறந்தபோது விரை கீழே இறங்காமல் இருந்தவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

எல்லா வீக்கமும் புற்று அல்ல. ஓதத்தில் விரையைச் சுற்றி நீர் கோத்திருக்கும். டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவும். ஆனால் புற்றுக்கட்டியைச் சுற்றியும் நீர் கோக்கலாம். ஆகவே வீட்டிலேயே பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். டாக்டர் கையால் தொட்டுப் பார்ப்பார், ஸ்கேன் எடுப்பார், ரத்தம் சோதிப்பார். ஸ்கேனில் வலி கிடையாது.

முக்கியமாக, யாரையும் அங்கே ஊசி குத்தவோ கீறவோ விடாதீர்கள். புற்றாக இருந்தால் பரவ வழியாகிவிடும். அதனால்தான் சர்ஜன்கள் விரைப்பையைக் கீறாமல், தொடை இடுக்குக்கு மேலே திறந்து விரையை முழுசாக எடுக்கிறார்கள்.

"ஒன்றை எடுத்தால் ஆண்மை போய்விடாதா?" போகாது. மற்றது நன்றாக இருந்தால் தாம்பத்தியத்துக்குக் குறைவில்லை. பிள்ளைப்பேறுக்கும் பெரும்பாலும் தடையில்லை. கீமோ மருந்து ஏற்றுவதாக இருந்தால், அதற்கு முன்பே விந்தைச் சேமித்து வைப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வாசக்டமி செய்துகொண்டதால் இந்த நோய் வருவதில்லை.

ஆரம்பத்தில் பிடித்தால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்குக்கு இதே இனத்துக் கட்டி நெஞ்சுக்குள் வந்தது. 2012-இல் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு, அதே வருஷம் செப்டம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் மட்டை பிடித்தார்.

திடீரென்று கடும் வலி வந்தால் அது வேறு. விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஐயாமார்களே, குளிக்கும்போது தொட்டுப் பாருங்கள். மாற்றம் தெரிந்தால் மனைவியிடம் சொல்லுங்கள். தாய்மார்களே, அவர் கூச்சப்பட்டால் நீங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

அந்தப் பெண் மறுநாளே கூட்டிப் போனாள். அவர் இன்று தன் வயலில் உழுதுகொண்டிருக்கிறார்.