பழைய பிக்கப்புக்கு விடை கொடுக்கிறோம்

(தோட்டக் கமிட்டி, மாதர் சங்கம், பாடசாலைப் பெற்றோர் சேர்ந்து கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாளைக் காலை ஏழு மணிக்குப் பழைய இரும்பு எடுக்கிற லொறி வருகிறது. கோயிலடி மரத்துக்குக் கீழே நிற்கிற நம்முடைய பிக்கப்பை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஒரு வண்டி போவதற்குக் கூட்டம் எதற்கு என்று ஒருசிலர் கேட்டார்கள். அந்த வண்டியில் ஒருமுறையாவது ஏறாத வீடு நம் மூன்று டிவிசனிலும் இல்லை. அதனால்தான் கூடியிருக்கிறோம்.

நம்மில் பாதிப் பேருக்கு இந்த வண்டி வந்த கதை தெரியாது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது. அதற்கு நான்கு வருடம் கழித்து, 1996இல், ஆளுக்கு மாதம் 20 ரூபா சேர்த்து, போதாததற்குக் கடனும் வாங்கி, பழைய ஜப்பான் பிக்கப் ஒன்றை வாங்கினார்கள் நம் அப்பாமாரும் அம்மாமாரும். ஒரு நாள் இரவு மேல் டிவிசனில் ஒரு அம்மாவுக்கு நெஞ்சுவலி. கொழுந்து லொறியைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கம்பளியில் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் அந்த அம்மா போய்விட்டார். வண்டி வாங்குவது என்று முடிவெடுத்தது அந்தச் சாவு வீட்டில்தான்.

அன்றிலிருந்து அது ஓடிய ஓட்டம் உங்களுக்கே தெரியும். இரவு இரண்டு மணிக்குக் கிளங்கன் ஆஸ்பத்திரிக்குப் போகும். விடிந்தால் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கும். கலியாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை, சாவுக்குப் பெட்டி, திருவிழாவுக்கு ஒலிபெருக்கி, எல்லாம் அதே வண்டிதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, நாம் சேர்த்த அரிசியையும் கம்பளியையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா, அப்புத்தளை வழியாக அங்கே போய் வந்ததும் இதே வண்டிதான். ஸ்டோர் வளைவில் அதன் ஹோர்ன் கேட்டால், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று லயத்தில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவோம்.

இப்படிப்பட்ட வண்டியைக் கொன்றது எது? எஞ்சின் இல்லை. கராஜ் பாஸ் சொல்கிறார், இன்றைக்கும் அந்த எஞ்சின் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும் என்று. கொன்றது துரு. துருவை வளர்த்தது நாம். இதை மறைக்காமல் சொல்லவே இந்தக் கூட்டத்தில் பேச ஒத்துக்கொண்டோம்.

பாடசாலையில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை செய்து காட்டுகிறோம். மூன்று சோதனைக் குழாய், மூன்று இரும்பாணி. முதல் குழாயில் ஆணியும் கொஞ்சம் தண்ணீரும், மேலே காற்று. இரண்டாவதில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், காற்றுப் புகாமல் மேலே எண்ணெய். மூன்றாவதில் தண்ணீரே இல்லை, ஈரத்தை உறிஞ்சும் கல்சியம் குளோரைட்டு. ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் முதல் ஆணிதான் துருப்பிடித்திருக்கும். தண்ணீரும் காற்றும் சேர்ந்தால்தான் துரு. அதில் உப்புச் சேர்ந்தால் இன்னும் வேகம். இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மார்க்கும் போடுகிறோம். ஆனால் பாடசாலை வாசலில் நின்ற நம் வண்டிக்கு அடியில் ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் இந்தப் பக்கம் மழை. சேசிக்குள்ளே சேறு போய் அடைந்து, தண்ணீர் வடிகிற ஓட்டைகளையும் அடைத்துவிட்டது. அடைந்த சேறு காயவே காயாது. அதற்கு மேலே, வாடகைக் காசு வருகிறதே என்று உர மூட்டை ஏற்றினோம். கிழிந்த மூட்டையில் இருந்து கொட்டியதைக் கூட்டித் தள்ளினோமே தவிர, தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை. பொட்டாசு உரமும் ஒரு உப்புத்தான். அது மழையில் கரைந்து இடுக்குகளில் இறங்கி இரும்பைத் தின்றது.

பிறகு 2022 வந்தது. ஜூன் மாதத்தில் டீசல் லீற்றர் 460 ரூபா. அதையும் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும். வண்டி மாதக்கணக்கில் மரத்துக்குக் கீழே நனைந்துகொண்டு நின்றது. ஒரு தகரக் கூரை போட்டிருக்கலாம். ஓடாத வண்டிக்கு எதற்குச் செலவு என்று விட்டுவிட்டோம்.

ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் செய்தோம். ஒவ்வொரு வருடமும் மே தின ஊர்வலத்துக்கு முன்னால் பெயின்ட் அடித்தோம். துரு தெரிந்த இடத்தில் பட்டி பூசித் தேய்த்து, மேலே பளபளவென்று அடித்தோம். ஊர்வலத்தில் நம் வண்டிதான் முன்னால் போகும். பார்த்தவர்கள் புது வண்டி மாதிரி இருக்கிறது என்றார்கள். நமக்கும் பெருமையாக இருந்தது.

போன மழைக் காலத்து இரவு ஒன்றில், நிறைமாதமாக இருந்த நம் தங்கச்சி ஒருவரை ஏற்றிக்கொண்டு வண்டி இறங்கியது. ஸ்டோர் வளைவுக்குக் கீழே பின்பக்கம் டமார் என்று ஒரு சத்தம். ஸ்ப்ரிங் பிடித்திருந்த இடத்தில் சேசி கிழிந்து, வண்டி ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. இரண்டு முழம் தள்ளி ஆறு. டிரைவர் அண்ணன் பிரேக்கை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். தங்கச்சியை இறக்கி, கம்பளியில் படுக்கவைத்து, மெயின் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு த்ரீவீல் கிடைத்தது. தாயும் பிள்ளையும் சுகம். இதோ முன் வரிசையில் இருக்கிறார்கள். இவர்கள் இங்கே இருப்பதால்தான் நாம் இன்றைக்கு ஒரு வண்டிக்காக மட்டும் கூடியிருக்கிறோம்.

மறுநாள் கராஜ் பாஸ் ஒரு சின்னச் சுத்தியலால் சேசியைத் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. "கதவு போனால் மாற்றலாம், எஞ்சின் போனால் மாற்றலாம், சேசி போனால் வண்டி போனதுதான்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தார். வெல்டிங் பிடித்தால் என்ன என்று கேட்டோம். வெல்டிங் பிடிக்க நல்ல இரும்பு வேண்டுமே என்றார்.

தோழர்களே, யோசித்துப் பார்த்தால் எல்லோருக்கும் மனம் சுடும். 1996இல் கம்பளியில் தூக்கினோம். இத்தனை வருடம் கழித்தும் அதே ரோட்டில் கம்பளியில்தான் தூக்கினோம். நடுவில் அந்த வண்டி இருந்ததால் ரோட்டைப் பற்றிக் கேட்பதை மறந்துவிட்டோம். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரவிலும் ஒரு வழி இருக்க வேண்டும் என்பது நமது உரிமை. அந்த உரிமையை நாமே காசு சேர்த்து, நாமே டீசல் அடித்து, நம் வண்டியில் சுமந்துகொண்டிருந்தோம். வண்டியிலும் மேலே பெயின்ட் அடித்தோம், கீழே பார்க்கவில்லை. சங்கத்திலும் நாம் அப்படித்தான் இருந்திருக்கிறோம். ஊர்வலத்தில் முன்னால் நின்றோம். ரோட்டுக்கு ஒரு கடிதம் எழுதவில்லை.

அதனால் கமிட்டி மூன்று விடயங்களை முடிவு செய்திருக்கிறது.

ஒன்று, எஞ்சினும் இரும்பும் விற்ற காசு அப்படியே ஆபத்து உதவி நிதிக்குப் போகும். இரவில் நோயாளியை ஏற்றுகிற நம் தோட்டத்து த்ரீவீல் தம்பிமாருக்கு வாடகை அந்த நிதியில் இருந்து கொடுக்கப்படும். கணக்கு மாதாமாதம் கோயில் சுவரில் ஒட்டப்படும். அவசரப்பட்டு இன்னொரு பழைய வண்டி வாங்குவதில்லை.

இரண்டு, ரோடு. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. அது லயத்து வாசல் வரைக்கும் வர ரோடு வேண்டும். தோட்டத்துக்குள்ளே பிரதேச சபை வேலை செய்ய முடியாது என்று முன்பெல்லாம் சட்டத்தைக் காட்டினார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இனி அந்தக் கதையை யாரும் நம்மிடம் சொல்ல முடியாது. நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், பிரதேச சபைக்கு ஒரு கடிதம், இரண்டும் மேசையில் இருக்கின்றன. போவதற்கு முன் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்று, அடியில் பார்ப்பது. ஆட்டோ, மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற தம்பிமார் உரமோ டொலமைட்டோ ஏற்றினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுங்கள். துரு கண்டால் இரும்பு தெரியச் சுரண்டி, துருவைத் தடுக்கிற சிவப்பு பெயின்ட் அடித்த பிறகுதான் மற்ற பெயின்ட். ஓடைப் பாலத்தின் இரும்புக் கம்பி, பிள்ளைக்காம்பராவின் கூரைத் தகரம், இரண்டையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி தட்டிப் பார்க்கும். வர விரும்புகிறவர்கள் வாருங்கள், சுத்தியல் கொண்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. இருபது வருடத்துக்கு மேல் இந்த வண்டியை ஓட்டிய டிரைவர் அண்ணன் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சாவு வீட்டுக்கும் பிரசவத்துக்கும் ஒரு நாளும் காசு வாங்காதவர். என்ன வேண்டும் அண்ணே என்று கேட்டோம். ஹோர்னை மட்டும் கழற்றிக்கொள்கிறேன் என்றார். கழற்றிக்கொண்டுபோய் வீட்டில் வைத்திருக்கிறார்.

நாளைக் காலை ஆறரைக்குக் கோயிலடிக்கு வாருங்கள். அவர் தேங்காய் உடைப்பார். வேலைக்குப் போகிறவர்கள் பெரட்டுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். பாடசாலைப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாங்கள் வருகிறோம். அவர்களை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, குனிந்து அடியில் பார்க்கச் சொல்லப்போகிறோம்.