கடல் கடந்த பானைகள்

இன்று உங்களை பசிபிக் பெருங்கடலுக்கு அழைத்துப் போகிறேன். நியூ கலிடோனியா தீவில் லப்பித்தா என்றொரு கடற்கரை. 1952-இல் கிஃபோர்ட், ஷட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அங்கே தோண்டினார்கள். கிடைத்த பானையோடுகளில் இருந்த அலங்காரம், பல நூறு மைல்களுக்கு அப்பால் டோங்கா தீவிலும் இருந்தது. இரண்டையும் செய்தவர்கள் ஒரே வழிவந்த மக்கள். சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன் பன்றி, கோழி, சேப்பங்கிழங்கோடு படகேறி, அதுவரை மனிதர் கால்படாத வனுவாட்டு, ஃபிஜி, டோங்கா, சமோவாவில் குடியேறியவர்கள்.

அவர்களுடைய படகு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. பானை கிடைத்திருக்கிறது! பானையோடு என்றால் எனக்கு நேரம் போவதே தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன்: ஓட்டைக் கழுவிக் காயவைத்த பிறகு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பாருங்கள், நேரே பார்த்தால் தெரியாத கோடெல்லாம் எழுந்து வரும். லப்பித்தா ஓட்டில் அப்படி எழுவது வரிசை வரிசையாகப் புள்ளிகள். பல்வைத்த சிறு கருவியை ஈர மண்ணில் அழுத்தி அழுத்திப் பதித்திருக்கிறார்கள். சில பானைகளில் அந்தப் புள்ளிகளே சேர்ந்து கண்ணும் நீண்ட மூக்குமாக மனித முகமாகின்றன. பள்ளங்களில் வெள்ளைச் சுண்ணாம்பு அப்பியதும் உண்டு. சக்கரம் கிடையாது, எல்லாம் கையால் வனைந்து தட்டியவை.

வனுவாட்டுவில் தெயோமா என்ற இடத்தில், 2003-இல் இறால் பண்ணைக்காக மண் எடுத்தபோது இப்படிப்பட்ட ஓடு வெளிப்பட்டது. தோண்டினால், பெரிய இடுகாடு! புதைத்த சில காலத்துக்குப் பின் குழியைத் திறந்து, தலையை மட்டும் எடுத்திருக்கிறார்கள். ஒருவர் மார்பின்மேல் மூன்று மண்டையோடுகள். எலும்பு வைத்த ஒரு பானையின் விளிம்பில் மண்ணால் செய்த பறவைகள் உள்ளே எட்டிப் பார்க்கின்றன. ஆதிச்சநல்லூர்த் தாழிகளை அறிந்த நமக்கு, இறந்தவரைப் பானையில் வைக்கும் அந்தக் கரிசனம் புரியும்தானே?

அந்த எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2016-இல் முடிவு வெளியிட்டார்கள். தைவான், பிலிப்பைன்ஸ் பழங்குடிகளோடு நெருங்கிய உறவு தெரிந்தது. அதை விரிவாகச் சொல்ல நேரமில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தெயோமாவில் அந்த ஓடு குப்பைக்குப் போகாமல் அருங்காட்சியகத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. உங்கள் ஊரில் கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ பழைய ஓடு கிடைத்தால், இருந்த இடத்தைக் கலைக்காமல் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.