தத்தன் காட்டிய வழி



தீமை செய்வோர் நடுவே அறம் பிறழாது நிற்பதும், இறைவன் காப்பான் என்று நம்புவதும் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம்.

இவ்விரண்டுக்கும் திருநாவுக்கரசு சுவாமிகளை எடுத்துக்காட்டுவது நம் மரபு. 7ஆம் நூற்றாண்டிலே பல்லவ மன்னன் ஆணையிட்டு அழைத்தபோது, தாம் இறைவனுக்கன்றிப் பிறருக்கு ஆளல்லர் என்று சுவாமிகள் மறுமொழி பகர்ந்தார். நீற்றறையில் ஏழு நாள் அடைத்தனர், நஞ்சூட்டினர், யானையை ஏவினர், ஈற்றிற் கல்லோடு பிணித்துக் கடலில் இட்டனர். அக்கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையை அடைந்தார் என்று சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறுகின்றார். மன்னனுக்கு இணங்கியிருப்பின் இத்துன்பமெல்லாம் நேர்ந்திரா. அவர் இணங்கவுமில்லை, பின்னர் அம்மன்னனே சைவனாகி வணங்கியபோது பழைய பகையை எண்ணவுமில்லை.

இதைக் கேட்கும் இளைஞர் ஒருவர் நம்மை நோக்கி, "அப்பரைக் காத்த இறைவன் எங்கள் ஊரவரை ஏன் காக்கவில்லை?" என்று வினவலாம். அது நியாயமான வினா. 1990 ஆகஸ்ட் மாதத்தில் நம் ஏறாவூரிலே முஸ்லிம் மக்கள் 100 பேருக்கு மேல், குழந்தைகளும் உட்பட, இரவிற் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிலே தமிழ் மக்கள் 180 பேருக்கு மேல், அவர்களுள்ளும் குழந்தைகள் பலர், கொல்லப்பட்டனர். இறந்தோர் நம்பிக்கையிற் குறைந்தவர் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

நல்லோருக்கு உடம்பில் ஊறு நேராது என்று சைவம் சொல்லவில்லை. அதே பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் வரலாறும் உண்டு. போரிலே தோற்ற முத்தநாதன் திருநீறு பூசி அடியார் வேடத்தில் வந்து, ஏட்டுச் சுவடிக்குள் மறைத்த கத்தியால் அவரைக் குத்தினான். காவலன் தத்தன் வாளை ஓங்கினான். நாயனாரோ அவனைத் தடுத்து, கொன்றவனை ஊறின்றி ஊரெல்லை கடத்திவிடுமாறு பணித்தார். சினந்து சூழ்ந்த மக்களைத் தத்தன் விலக்கி அவ்வாறே செய்தான். அச்செய்தி கேட்ட பின்னரே நாயனார் உயிர் நீத்தார்.

இங்கே இறைவன் காத்தது எதை? உடம்பை அன்று, உள்ளத்தை. கத்தி பாய்ந்தும் அவ்வுள்ளத்திற் பகை நுழையவில்லை. திருவருளின் காவல் என்று நாம் முதற்கண் வேண்டத்தக்கது இதுவே.

தம்மைக் கொன்றவனையே நாயனார் காத்தாரெனின், குற்றமேதும் செய்யாத அயலவனை அவன் இனத்தைக் காட்டி வெட்டுவது எந்த நூல் கூறும் நீதி? ஒருவன் செய்த பழிக்கு வேறொருவனைப் பலிகொள்வது, முத்தநாதன் கத்தியை நாமும் கையில் எடுப்பதேயாகும். கலவரம் மூளும் வேளையிலே தத்தனைப் போல் இடையில் நிற்க ஓர் இளைஞன் வேண்டும்.

ஆயினும் பொறுமை என்பது அநீதிக்குத் தலையசைப்பதன்று. குற்றவாளியை நீதிமன்றின் முன் நிறுத்துவதும், கண்டதைக் கண்டவாறு சாட்சி சொல்வதும் அறமே. அப்பரும் அரசன் முன் வாய்மூடி நிற்கவில்லை.

பெருஞ்சோதனை என்றோ ஒருநாள் வரும். சிறியன நாடோறும் வரும். வாவியிலே தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையை அடுத்தவன் போடுகின்றான், நானும் போட்டாலென்ன என்ற எண்ணம். கந்தோரிலே கையூட்டுக் கொடுத்துக் காரியம் முடிக்கும் எண்ணம். நம்மவன் என்பதற்காகப் பொய்ச்சாட்சி சொல்லும் எண்ணம். இவற்றில் வழுவாதவனே பெரியதிலும் நிலைப்பான்.

ஆதலின் இளைஞர்காள், கோயிலிற் கைகூப்பும்போது, "எமக்குத் தீங்கு வராது காப்பாய்" என்று வேண்டுங்கள். அதனோடு, "எம்மாற் பிறர்க்குத் தீங்கு வராமலும் காப்பாய்" என்றும் வேண்டுங்கள். இரண்டாவது வேண்டுதல் நிறைவேறுவதில் நம் முயற்சிக்கும் பங்குண்டு. அதற்குத் திருவருள் துணைநிற்பதாக.